சுண்டு விரல் தட்டிவிட்ட வால்யூம்

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர் "நல்லா தூக்கம் வந்துச்சு மச்சி" என்று பாராட்டினார்கள். அதனால் இந்தத் தடவை வரி இல்லை, வட்டி இல்லை. கிட்டார். அதுவும் கிட்டாரை வாசிப்பது பற்றி அல்ல, அதன் வயிற்றைக் கிழித்து உள்ளே இருக்கும் ஒயரை மாற்றிப் போட்டது பற்றி. (வாசிப்பது பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று பக்கத்து வீட்டு ஆயா சாட்சி சொல்லும்.)

முதலில் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

நான் இருப்பது ஸ்ரீமுஷ்ணம். பூவராகசுவாமி கோயில் இருக்கிற ஊர் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, விருத்தாசலத்திலிருந்து பஸ் பிடித்து வரவேண்டிய ஊர். நான் தினமும் அதே பஸ்ஸில் விருத்தாசலம் போய் பி.காம். படிக்கிறேன். அம்மாவும் அதே பஸ்தான். அம்மாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு ஃபினிஷிங் செய்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் பிசிறு இருக்கும் இல்லையா, அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சமப்படுத்துவது. விருத்தாசலம் என்றாலே பீங்கான் பொம்மை, பியூஸ் கட்டை என்று வெளியூரில் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் மூக்கு உடைந்த பிள்ளையார், காது இல்லாத முயல் என்று விற்க முடியாத உருப்படிகள் நிறைய உண்டு.

கிட்டார் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். சிதம்பரத்தில் படித்து முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு சீனியர் 3,800 ரூபாய்க்குக் கொடுத்தார். எலக்ட்ரிக் கிட்டார். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியே இருக்கும், ஆனால் அது இல்லை. கம்பெனி பெயர் வேண்டாம், பாவம். பணம் அம்மா சீட்டு எடுத்த பணம். அப்பாவிடம் சொன்ன விலை 1,500. அந்தக் கணக்கு இன்றுவரை திருத்தப்படவில்லை. (அப்பா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

அந்த கிட்டாரை வைத்துக்கொண்டு ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன். மாதத்துக்கு இரண்டு மூன்று கச்சேரி கிடைத்தால் பஸ் பாஸ், செல் ரீசார்ஜ் செலவு எனக்கு நானே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த இரவு.

ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோயில் செடல். நல்ல கூட்டம். பத்து மணிக்கு மேல் குத்துப் பாட்டு ஆரம்பித்தது. குத்துப் பாட்டில் கிட்டாருக்குப் பெரிய வேலை இல்லை, கை வேகமாக மேலும் கீழும் போய் வரவேண்டும், அவ்வளவுதான். நானும் உற்சாகத்தில் கையை வீசினேன். பல்லவி முடிவதற்குள் என் சத்தம் காணோம். கை ஆடுகிறது, சத்தம் இல்லை. மைக் செட் அண்ணன் ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து மிக்ஸரில் என் லைனை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். நான் குனிந்து பார்த்தால் வால்யூம் குமிழ் பூஜ்யத்தில் நிற்கிறது. யார் திருகியது? என் சுண்டு விரல்தான். பதற்றத்தில் குமிழை முழுசாகத் திருப்பினேன். அங்கே அவர் ஏற்கனவே ஏற்றி வைத்திருக்கிறார். அடுத்த நொடி கூம்பு ஸ்பீக்கரிலிருந்து வந்த கீச்சலில் முன் வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது மாஸ்டர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "தம்பி, கீபோர்டுலயே கிட்டார் டோன் இருக்குடா. ஒரு ஆள் சம்பளம் மிச்சம். உனக்காகத்தான் பாக்கறேன்" என்றார். கோபப்பட்டிருந்தாலே தேவலை. கவரில் வழக்கமாக 600 இருக்கும். அன்றைக்கு 300.

சரி, இனி மேட்டர்.

இந்தக் குமிழ் ஏன் அங்கே இருக்கிறது? கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு, அதில் சாய்வாக மூன்று குமிழ்கள். கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது வால்யூம். அதற்கடுத்த இரண்டும் டோன். இது நான் வாங்கிய டூப்ளிகேட்டின் கோளாறு இல்லை. 1954இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலிருந்தே அப்படித்தான். அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இதில் பெரிய வேடிக்கை, அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது! வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டு, கொடுத்து, கேட்டுக் கேட்டுத்தான் செய்தார்.

வால்யூமைப் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம், வாசித்துக்கொண்டே சுண்டு விரலால் சத்தத்தை ஏற்றி இறக்கலாம் என்பது. ஜெஃப் பெக் (1944-2023) அதில் மன்னன். குமிழை மூடி வைத்துக் கம்பியை மீட்டுவார், மீட்டிய பிறகு சுண்டு விரலால் மெல்லத் திறப்பார். மீட்டும் ஓசையே கேட்காமல் சுரம் மட்டும் எழுந்து வரும், வயலினில் வில் போட்ட மாதிரி. ஆகவே எனக்கு எமனாக வந்த அதே குமிழ் அவருக்கு வரம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் "தப்பான டிசைன்" என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

இன்னொரு விஷயம். மூன்று பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) இருக்கிறது. ஆனால் டோன் குமிழ் இரண்டுதான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று. கடைசியில், கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கு டோனே கிடையாது. இருப்பதிலேயே கீச்சென்று கத்துவது அதுதான், அதற்குத்தான் மூக்கணாங்கயிறு இல்லை! செடலில் நான் போட்டு வைத்திருந்ததும் அதே பிக்கப்.

பிக்கப் மாற்றும் ஸ்விட்சுக்கும் ஒரு கதை உண்டு. ஃபெண்டர் முதலில் வைத்தது மூன்றே நிலை. வாசித்தவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைக்கு நடுவில் சிக்க வைத்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒரு புதுச் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். கம்பெனி அதைக் கேட்டு ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது 1977இல். இருபது வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இடது கைக்காரர், வலது கை கிட்டாரையே தலைகீழாகத் திருப்பிக் கம்பியை மாற்றிக் கட்டி வாசித்தார். அவருக்குக் குமிழ்கள் எல்லாம் மேல் பக்கம் போய்விட்டன. யாரும் கேஸ் போடவில்லை. எடி வான் ஹேலன் உடம்பு ஒரு இடம், கழுத்து ஒரு இடம் என்று மலிவாக வாங்கி ஒட்டிய கிட்டாரில் ஒரே ஒரு பிக்கப், ஒரே ஒரு குமிழ். அது வால்யூம், ஆனால் மேலே 'டோன்' என்று எழுதியிருக்கும். கையில் கிடைத்த மூடி அதுதானாம்.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். மாண்டலினில் கம்பிகள் இரட்டை இரட்டையாக எட்டு இருக்கும். அதில் கர்நாடக சங்கீதத்தின் கமகத்தைக் கொண்டு வர இரட்டையை ஒற்றையாக்கி, கீழ் ஸ்தாயிக்கு ஐந்தாவதாக ஒரு கம்பி சேர்த்து, எலக்ட்ரிக் மாண்டலினாக வைத்துக்கொண்டார். அவர் கருவிக்குப் பணியவில்லை, கருவியைப் பணிய வைத்தார். (பெரியவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. நான் 300 ரூபாய் கவருக்காகச் செய்தவன்.)

யூடியூபில் தேடினால் என்னுடைய பிரச்சினைக்கு ஏகப்பட்ட பேர் வழி சொல்லியிருந்தார்கள். வழி எளிது. முதல் ஓட்டையைக் காலி செய். நடு ஓட்டையில் வால்யூம். கடைசி ஓட்டையில் ஒரே ஒரு டோன், மூன்று பிக்கப்புக்கும் பொது. புதிதாக ஓட்டை போட வேண்டாம், மரத்தைச் செதுக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். 3,800 ரூபாய் சொத்துக்குச் சேதாரம் இல்லை என்ற ஒரு காரணத்துக்காகவே இந்த வழியை எடுத்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு ரிப்பேர் கடை அண்ணன் இருக்கிறார். மிக்ஸி, ஃபேன், ஹோம் தியேட்டர், எல்லாம். அவரிடம் கிட்டாரைக் கொண்டுபோனேன். "இதுக்குள்ள என்னடா இருக்கு?" என்றார். கம்பியைக் கழற்றி, தகட்டில் இருந்த 11 ஸ்க்ரூவையும் எடுத்து, திருப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, பழைய ரேடியோல இருக்கிற மாதிரி மூணு வால்யூம் கண்ட்ரோல், ஒரு கண்டென்சர். இதுக்கா இந்த பில்டப்பு?"

உண்மையிலேயே அவ்வளவுதான் இருக்கிறது. கிட்டார் கம்பெனிக்காரர்கள் மன்னிக்க. பிக்கப்பிலிருந்து வரும் ஒயர் ஸ்விட்சுக்குப் போகிறது. ஸ்விட்சிலிருந்து வால்யூம் கண்ட்ரோலின் முதல் காலுக்கு. நடுக்காலிலிருந்து வெளியே ஜாக்குக்கு. மூன்றாவது கால் எர்த். குமிழைத் திருப்பினால் சத்தத்தில் எவ்வளவு ஜாக்குக்குப் போகணும், எவ்வளவு எர்த்துக்குப் போகணும் என்று பங்கு பிரிக்கிறது. பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் மாதிரி. டோன் என்பது இன்னும் சுலபம். கண்டென்சர் என்பது கீச்சான சத்தத்தை மட்டும் தன் வழியாக விடும், கனமான சத்தத்தை விடாது. அதன் ஒரு காலை எர்த்தில் வைத்துவிட்டால் கீச்சு மட்டும் மண்ணுக்குள் போய்விடும். எவ்வளவு போகணும் என்பதைக் குமிழ் முடிவு செய்யும். ஆக, டோன் குமிழ் சத்தத்தில் எதையும் சேர்ப்பதில்லை, கழிக்க மட்டும்தான் செய்கிறது. இது தெரியாமல் இரண்டு வருடம் அதை 'பாஸ்' ஏற்றும் குமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வால்யூம் கண்ட்ரோல்களின் முதுகைப் பார்க்கச் சொன்னார். வால்யூமில் 'பி 500கே' என்று இருந்தது. டோன் இரண்டிலும் 'ஏ 500கே'. 500 என்பது கிலோ ஓம். இந்த மாதிரி ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு வழக்கமாகப் போடுவது 250. 500 போட்டால் கீச்சு இன்னும் கொஞ்சம் கூடும். 'ஏ', 'பி' என்பதுதான் முக்கியம். 'பி' என்றால் சீராகக் குறையும், 'ஏ' என்றால் காதுக்கு ஏற்ற மாதிரி குறையும். நம் காது கணக்கில் மோசம். சத்தம் பாதியாகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற, உண்மையில் அதைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். அதனால் 'பி' போட்ட வால்யூமில் பத்திலிருந்து மூன்று வரை திருப்பினாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது, மூன்றுக்குக் கீழே போனதும் தடாலென்று விழும். செடலில் நடந்தது அதுதான்! சுண்டு விரல் ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கடைசித் தட்டில் மொத்தமாகப் போய்விட்டது. வால்யூமுக்கு 'ஏ' வேண்டும், 'ஏ' ஏற்கனவே டோனில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இடத்தை மாற்றினால் போதும், செலவு பூஜ்யம்.

நான் அந்த வெற்றியில் மிதந்துகொண்டே நானே பற்ற வைக்கிறேன் என்றேன். இங்கேதான் தப்பு. ஆன்லைனில் வாங்கிய 25 வாட் அயர்ன். கண்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயரை ஒட்டவேண்டும். அந்த இரும்பு மூடி சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது, ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது. நான் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஈயம் ஒருவழியாக உருகியது, உள்ளே இருந்த கரிப் பாதையும் சேர்ந்து போய்விட்டது. திருப்பினால் கரகர, பிறகு ஒன்றுமில்லை. ஒரு 'ஏ' காலி. இருப்பு: ஒரு 'ஏ', ஒரு 'பி'. தேவை: ஒரு வால்யூம், ஒரு டோன். அண்ணன் என் கையிலிருந்து அயர்னைப் பிடுங்கிக்கொண்டார். "பெரிய அயர்ன் வச்சு டக்குனு தொட்டு டக்குனு எடுக்கணும்டா. சின்ன அயர்ன் வச்சு ரொம்ப நேரம் புடிக்கறதுதான் சாவு." அவருடையது 60 வாட். இரண்டு நொடிதான் தொட்டார்.

அடுத்து கண்டென்சர். இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

என் கிட்டாரில் இருந்தது பொட்டு மாதிரி ஒரு பழுப்பு வட்டம். மேலே '473'. அண்ணன் படிக்கக் கற்றுக்கொடுத்தார்: 47க்குப் பின்னால் மூன்று சைபர், பிக்கோ ஃபாரட். அதாவது 0.047 மைக்ரோ ஃபாரட். (ஃபேனுக்குப் போடும் கண்டென்சர் 2.5 மைக்ரோ ஃபாரட். இது அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் சின்னது.) இணையத்தில் பார்த்தால் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: மலிவு கிட்டாரில் இருக்கும் இந்த வட்டத்தை முதலில் பிடுங்கி எறி, இது குப்பை, பாலியெஸ்டர் போடு, எண்ணெய்க் காகிதம் போடு, அப்போதுதான் சத்தத்தில் உயிர் வரும். ஒரே ஒரு கண்டென்சருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவர்களும் உண்டு. அந்தக் குப்பை எதில் செய்தது தெரியுமா? செராமிக். நம்ம பீங்கான் ஜாதி.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்தப் பொட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இத்துணூண்டா? இதையும் சூளையில போட்டுத்தான் எடுக்கிறாங்களா?" என்றார். ஆமாம். பேரியம் டைட்டனேட் மாதிரி ஒரு தூளை மெல்லிசாக அழுத்திச் சூளையில் சுட்டு, இரண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சு கொடுத்து, கால் வைத்து, மேலே மூடுகிறார்கள். பிக்கப்பின் அடியில் இருக்கும் கறுப்புக் காந்தக் கட்டையும் செராமிக்தான். இரும்பு ஆக்சைடோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்து அழுத்திச் சுட்டது. விலை கூடிய கிட்டாரில் அல்னிகோ என்ற உலோகக் காந்தம், மலிவு கிட்டாரில் சுட்ட காந்தம். "அப்ப உன் கிட்டாரு பாதி எங்க பட்டறை சாமான்தான்" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பொட்டைப் பிடுங்கி எறிய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மனசு வரவில்லை என்பது ஒரு காரணமாகாது இல்லையா? சத்தம் நிஜமாகவே மோசம் என்றால்?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் கடையிலிருந்து ஒரு பச்சை பாலியெஸ்டர் '473' வாங்கினேன். ஐந்து ரூபாய். இரண்டையும் முதலைக் கிளிப்பில் மாட்டி, எதை வேண்டுமானாலும் சேர்க்கிற மாதிரி செய்தேன். அம்மாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். தம்பி சத்தமில்லாமல் கிளிப்பை மாற்றுவான் அல்லது மாற்றாமல் விடுவான். நான் அதே நாலு சுரத்தை வாசிப்பேன். மாறியதா இல்லையா என்று அம்மா சொல்ல வேண்டும். பத்துத் தடவையில் அம்மா ஐந்து சரி. பிறகு நான் உட்கார்ந்தேன், தம்பி வாசித்தான். நான் ஆறு சரி. காசு சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

அண்ணனுடைய மீட்டரில் இரண்டையும் அளந்தபோது பச்சை 0.046, பழுப்பு 0.041. செராமிக்கில் எழுதியிருப்பதற்கும் இருப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் சகஜம். வித்தியாசம் ஏதாவது காதில் விழுந்தால் இந்த அளவு வித்தியாசம்தான் விழும், எதில் செய்தது என்பது இல்லை. மற்ற இடங்களில், பெரிய ஆம்ப்ளிஃபயருக்குள்ளே, செராமிக் கண்டென்சர் தட்டினால் லேசாகச் சத்தம் கொடுக்கும் என்கிற மாதிரி நிஜமான குறைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கிட்டாரின் டோன் குமிழுக்குப் பின்னால், கீச்சை மண்ணுக்கு அனுப்பும் வேலைக்கு, அந்தப் பொட்டு போதும். அதையே திரும்ப வைத்துப் பற்ற வைத்தோம். ஐந்து ரூபாய் பச்சை இப்போது என் ஜியாமெட்ரி பாக்ஸில் தூங்குகிறது.

ஒயர் வேலை சுருக்கமாக: பழைய அமைப்பில் ஸ்விட்சின் இன்னொரு பக்கத்திலிருந்து இரண்டு டோனுக்கும் தனித்தனி ஒயர் போகும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, வால்யூமின் முதல் காலிலிருந்து ஒரே ஒரு ஒயரை டோனுக்குக் கொடுத்தோம். எந்தப் பிக்கப் வந்தாலும் அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும், ஆகவே டோன் எல்லாவற்றுக்கும் பொது. எல்லாம் மூடி, கம்பி மாட்டி, ஆம்ப்பில் செருகினால் உம்ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் அடங்க வேண்டும், அடங்கவில்லை. திரும்பவும் 11 ஸ்க்ரூ. பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் ஒயர் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிக்கும் முன் செல்லில் படம் எடுத்திருந்தேன், ஆனால் அந்த மூலையில் என் கட்டை விரல் நின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் யாராவது செய்தால் நாலு பக்கமும் படம் எடுங்கள், விரல் இல்லாமல்.

இப்போது முதல் ஓட்டை காலி. பார்க்கப் பல்லு போன வாய் மாதிரி இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று இருந்தேன். அம்மாதான், "இரு, ஒரு பட்டன் பண்ணித் தரேன்" என்றார். ஆணி மாதிரி: மேலே வட்டத் தலை, கீழே ஓட்டைக்குள் போகும் தண்டு. ஓட்டை ஸ்கேலில் 8 மில்லிமீட்டர். அம்மா உணவு இடைவேளையில் மீதிக் களிமண்ணில் 8 மில்லிமீட்டர் தண்டோடு ஒன்று செய்து, மேஸ்திரியிடம் சொல்லி, பொம்மைகளுக்கு நடுவே சூளையில் வைத்தார். வந்ததை மாட்டினால் லொடலொட. காய்ந்து சுட்டு முடியும்போது மண் சுருங்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு என்று மேஸ்திரி கணக்கு. 8 போய் 7 ஆகிவிட்டது.

உடனே காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது. பன்னிரண்டு சதவீதம் கூட்டினால் போச்சு, 8.96 என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. சுருங்குவது 8இல் பன்னிரண்டு சதவீதம் இல்லை, செய்கிற அளவில் பன்னிரண்டு சதவீதம். 8ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும், 9.09 வரும். அடக்க விலை மேல் லாபமா, விற்பனை விலை மேல் லாபமா என்று முதல் வருடம் அக்கவுண்டன்சியில் மார்க் கோட்டை விட்ட அதே இடம்! காலையில் பெருமையாக அம்மாவிடம் விளக்கினேன். அம்மா, "கையில உருட்டறப்ப அந்தப் பாயிண்ட்டெல்லாம் எங்கடா நிக்கும்? அஞ்சு பண்ணேன். எது பொருந்துதோ அதை வச்சுக்க" என்று கைக்குட்டையை அவிழ்த்தார். ஏற்கனவே வாங்கி வந்துவிட்டார். மூன்றாவது பொருந்தியது. வெள்ளை கிளேஸ், நடுவில் ஒரு சின்ன நீலப் புள்ளி. அது கண்ணன் பொம்மைக்குப் பூசி மீந்த நீலமாம். பின்னால் சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் போட்டு இறுக்கினேன்.

மொத்தச் செலவு: அயர்ன் 220, ஈயம் 60, பச்சைக் கண்டென்சர் 5, ரிப்பேர் அண்ணனுக்கு இரண்டு நாள் டீ, வடை 80. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பீங்கான் பட்டன்: அம்மா கணக்கில் எழுதவில்லை.

புது அமைப்போடு போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாஸ்டரிடம் நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கிய வாய்ப்பு. குத்துப் பாட்டு வந்தது. வீசு வீசு என்று வீசினேன். சுண்டு விரல் பழக்கத்தில் போய்ப் பழைய இடத்தையே தட்டியது, தட்டியபோதெல்லாம் சில்லென்று பீங்கான். சத்தம் அசையவில்லை. பிரிட்ஜ் பிக்கப்பில் டோனைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், கீச்சும் இல்லை. மைக் செட் அண்ணன் அங்கிருந்தே கட்டை விரலைக் காட்டினார்.

ஆனால் ஒன்று போய்விட்டது. மெலடிப் பாட்டின் தொடக்கத்தில் சுண்டு விரலால் வால்யூமை மெல்லத் திறந்து சுரத்தை எழுப்புவது நான் திக்கித் திணறி அரைகுறையாகக் கற்றிருந்த ஒரே வித்தை. வால்யூம் இப்போது எட்டவில்லை. அன்றைக்கு ஒரு பாட்டில் அதைச் செய்ய விரலை நீட்டினேன், பட்டன்தான் கிடைத்தது. சமாளித்து நேராக வாசித்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. காலால் மிதிக்கும் வால்யூம் பெடல் ஒன்று இருக்கிறது, விலை கிட்டாரின் விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்மாவின் அடுத்த சீட்டை நான் கேட்கப் போவதில்லை.

கவரில் 600 இருந்தது. மாஸ்டர் வேனில் ஏறிக்கொண்டே என் கிட்டாரைப் பார்த்து, "அது என்னடா வெள்ளையா, புது பட்டனா? திருகினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

"அப்ப எதுக்கு?"

"அம்மா பண்ணதுண்ணே" என்றேன். ஒரு நிமிடம் பார்த்தார். "பத்தாம் தேதி நெய்வேலியில ஒரு ப்ரோக்ராம் இருக்கு, வந்துடு. 'இளைய நிலா' கேப்பாங்க, அதுக்கு மட்டும் யார்கிட்டயாவது அக்கூஸ்டிக் இரவல் வாங்கிட்டு வா" என்றார்.

யாரிடமாவது அக்கூஸ்டிக் இருந்தால் சொல்லுங்கள். பத்தாம் தேதிக்குள். பட்டன் எதையும் கழற்ற மாட்டேன், சத்தியம் :-)